சயந்தனுக்குப் பதிலாக ஓர் ஆள்

ஒன்றும் நடக்காமல் பார்த்துக்கொள்வதுதான் ஒருவருடைய வேலை என்றால், அதை அவர் எவ்வளவு நன்றாகச் செய்தார் என்பதை எதைக் காட்டிச் சொல்வது? லியோனைக் கலியாணம் முடித்த நாளிலிருந்து இந்தக் கேள்வி ஜெனீற்றாவின் மனதில் ஏதோ ஒரு மூலையில் கிடந்தது. கோல் போட்டவனை ஊர் தோளில் தூக்கும். கோல் விழாமல் தடுத்தவரைப் பற்றிச் சொல்ல ஊரிடம் ஒரு கதையும் இராது. விழாத கோலை யார் பார்த்தார்கள்?

லியோன் ஊர்காவற்றுறை நங்கூரம் விளையாட்டுக் கழகத்தின் பின்களத்தில் நிற்பவர். தொழில் கடல். அவரைப் பெரிய ஆட்டக்காரர் என்று சொன்னால் அது பொய்யாகிவிடும். ஓட்டம் இல்லை. இடது கால் நிற்பதற்கு மட்டுமே உதவும். இறால் காலத்தில் பயிற்சிப் பக்கம் தலையே காட்டமாட்டார். கோல் காப்பவன் பிழை விட்டால், பங்குத்தந்தை மைதானக் கரையில் நிற்பதையும் மறந்து ஏசுவார். ஆனால் பந்து எங்கே வரப்போகிறதோ அங்கே முன்னமே நிற்பார். பஸ்ஸில் வந்த பொதியை வாங்குவதுபோலப் பந்தை வாங்கி, பக்கத்தில் நிற்பவனிடம் கொடுத்துவிடுவார். பார்க்கிறவர்களுக்கு அது விளையாட்டாகவே தெரியாது.

பிறந்தது நெடுந்தீவில். இந்தத் தீவுகளில் கலியாணம் முடித்த ஆண்தான் பெண் வீட்டுக்குப் போய் இருப்பான். ஜெனீற்றாவின் தகப்பன் இன்னாசித்தம்பி அந்தக் காலத்தில் நங்கூரத்தின் தலைவர். நெடுந்தீவில் ஒரு பெருநாள் ஆட்டத்தைப் பார்த்துவிட்டு வந்தவர், அடுத்த கிழமையே தரகரை அனுப்பினார். மகளுக்கு மாப்பிள்ளை எடுத்தாரா, கழகத்துக்கு ஆள் எடுத்தாரா என்று ஊர் சிரித்தது. ஜெனீற்றாவும் அதைச் சொல்லிச் சிரிப்பாள்.

“பொம்பிளை பாக்க வந்த அண்டைக்கு அப்பா இவரின்ரை முகத்தைப் பாக்கேல்லை. முழங்காலைத்தான் பாத்தவர்.”

லியோன் இதை மறுத்ததும் இல்லை, ஒப்புக்கொண்டதும் இல்லை. இன்னாசித்தம்பி கண்ணை மூடிய பிறகும், பிள்ளைகள் வளர்ந்த பிறகும், கோட்டுக்கு வெளியே நிற்கிறவர்கள் அவரைக் கூப்பிட்டது “மாப்பிள்ளை” என்றுதான். “மாப்பிள்ளை, விடாதையும்!” அவரும் விடமாட்டார்.

இந்த வருடம் விட்டார். தீவுகளின் லீக்கில் முதல் சுற்றில் நங்கூரம் நிறையக் கோல் போட்டது. அதைவிட நிறைய வாங்கியது. போட்டதெல்லாம் டெனிஸ்ரன் என்ற பெடியன். வாங்கியதற்கெல்லாம் கோல் காப்பவனை ஊர் பழித்தது. கழகத்தின் செயலாளர் ஜெனீற்றா. கூட்டக் குறிப்பு எழுத ஆண்கள் யாரையும் பஞ்சி, அதாவது சோம்பல், விடாததால் அந்தப் பதவி அவளிடம் வந்து சேர்ந்திருந்தது. ஒவ்வொரு ஆட்டத்தையும் அவள் கரையிலிருந்து பார்த்தாள். இரண்டு தடவை பந்து லியோனின் வலப்பக்கத்தால் போனதையும், அவர் திரும்பியபோது அது தாண்டிவிட்டதையும் கண்டாள். வீட்டில் அதைப் பற்றி அவள் வாய் திறக்கவில்லை. லியோனுக்கு முப்பத்தொன்பது வயது.

அந்த நேரத்தில்தான் சயந்தனின் கதை வந்தது. புங்குடுதீவில் இறுப்பிட்டிக் கழகத்தின் பின்களத்தில் நிற்பவன். லீக்கில் அவன் பெயர் தெரியாதவர்கள் இல்லை. ஊர்காவற்றுறை ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்து, இங்கேயே அறை எடுத்துத் தங்கிவிட்டான். இறுப்பிட்டிக் கழகத்துப் பொறுப்பாளர் நடராசா மோட்டார் சைக்கிளில் தானே வந்து, வலை வைக்கும் வாடியில் கழகத்தாரோடு இருந்து பேசினார். பெடியன் அடுத்த வருடம் எப்படியும் உங்களிடம்தான் வருவான், இப்போதே தருகிறோம், சும்மா தர ஏலாது, டெனிஸ்ரனைத் தாருங்கள் என்றார். ஆளுக்கு ஆள் மாற்றிக்கொள்ள லீக்கில் இடமுண்டு.

கழகத் தலைவர் சில்வெஸ்ரர் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு சொன்னார்: “எஞ்சினைத் தந்திட்டு நங்கூரத்தை வாங்கச் சொல்லுறீர்.”

நடராசா சிரித்தார். “அப்ப லியோன் அண்ணையைத் தாங்கோ. பின்னுக்கு நிக்க எங்களுக்கும் ஆள் வேணும்தானே.”

வாடி முழுக்கச் சிரித்தது. லியோனும் சிரித்தார். ஜெனீற்றா மட்டும் குனிந்து எழுதிக்கொண்டிருந்தாள்.

ஞாயிறு பூசை முடிந்து கழகத்தார் மறுபடியும் வாடியில் கூடினார்கள். கோல் போடாமல் எப்படி வெல்வது என்று ஒரு பக்கம் கேட்டது. வாங்காமல் இருந்தால் தோற்கமாட்டோமே என்றது மறுபக்கம். டெனிஸ்ரனின் தாய் கத்தரீனா இதைக் கேள்விப்பட்டால் வாடிக்கே வந்துவிடுவாள் என்று ஒருவர் நினைவூட்டினார். எல்லாம் பேசினார்கள், ஒன்றைத் தவிர. சயந்தன் வந்தால் லியோன் எங்கே நிற்பது என்று யாரும் கேட்கவில்லை. அந்தப் பேச்சு கிட்ட வரும்போதெல்லாம் ஒவ்வொருவரும் வலையில் ஏதோ பிழை கண்டவர்போலக் குனிந்தார்கள். இளையவன் ஜெகதீஸ் மட்டும், லியோன் அண்ணைக்கும் கொஞ்சம் ஓய்வு கிடைக்கும் என்று தொடங்கினான். சில்வெஸ்ரர் உடனே அவன் கையில் தேத்தண்ணியைக் கொடுத்தார்.

அவர்களின் இந்த மரியாதை ஜெனீற்றாவை எரித்தது. பழித்தால்கூட அவர் எழும்பிப் பதில் சொல்லலாம். இப்படி மௌனமாக ஒதுங்கி வழிவிட்டால் மனிதர் என்ன செய்வார்?

எதற்கும் பெடியனை ஒருமுறை பார்த்துவிட்டு வருவோம் என்று முடிவாகியது.

சனிக்கிழமை வங்களாவடியில் பஸ் மாறி, கடலுக்கு நடுவால் போகும் தாம்போதியைக் கடந்து இறுப்பிட்டிக்குப் போனார்கள். நடராசா கதிரைகள் போட்டு வைத்திருந்தார். ஆட்டம் தொடங்கியது. சயந்தன் நெடுவல், மெல்லியவன். அன்றைக்கு அவன் ஒன்றுமே செய்யவில்லை. பாய்ந்து விழவில்லை, ஒருவனையும் இடித்துத் தள்ளவில்லை. எதிர்ப்பக்கத்தார் பந்தைக் கொண்டு வருவார்கள், வழியில் ஏனோ மனம் மாறிப் பக்கவாட்டில் அடிப்பார்கள், பந்து வெளியே போகும். சில்வெஸ்ரர் கச்சானைக் கொறித்து முடித்துவிட்டுக் கொட்டாவி விட்டார்.

“பேர்தான் பெரிசு. பெடியனுக்கு வேர்க்கவும் இல்லை” என்றான் ஜெகதீஸ்.

ஜெனீற்றா லியோனைத் தேடினாள். அவர் கதிரையில் இல்லை. கோட்டோரத்தில் தனியே, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். பந்து தூரத்தில் இருக்கும்போதே சயந்தன் அரை அடி இடப்பக்கம் நகர்ந்தான். லியோனின் காலும் அரை அடி நகர்ந்தது. அவன் ஒரு எட்டுப் பின்வாங்கினான்; இவரும் பின்வாங்கினார். இரண்டு பேரும் ஒரே பந்தை, அது வருமுன்னமே, கண்டுகொண்டு நின்றார்கள். வேறு யாரும் அதைக் கவனிக்கவில்லை. ஜெனீற்றா இன்னொன்றையும் கவனித்தாள். ஒவ்வொரு தடவையும் சயந்தனின் கால்தான் முதலில் நகர்ந்தது. லியோனின் கால் ஒரு நொடி பிந்தி வந்தது.

திரும்பி வரும்போது பஸ்ஸில் லியோன் யன்னலோரம் இருந்தார். வாட்டம் இல்லை. கடல் நல்லாயிருந்த நாளில் வீட்டுக்கு வரும் முகம்தான் அவருக்கு இருந்தது. அவளுக்கு அது விளங்கவில்லை.

மறுநாள் வாடியில் பேச்சு சீக்கிரம் முடியும்போல இருந்தது. இறுப்பிட்டியான் வேண்டாம் என்பதில் எல்லாரும் ஒன்றாக நின்றார்கள். சோம்பேறி என்றார் ஒருவர். ஆஸ்பத்திரி வேலைக்குத்தான் சரி என்றார் இன்னொருவர். ஜெனீற்றா பேனாவைத் திறந்தாள். லியோன் சும்மா இருந்தால் போதும். அவருடைய இடம் அவருக்கே. இந்த வருடம் மட்டுமல்ல, ஊர் கண்ணைத் திறக்கும்வரைக்கும். தான் கோட்டோரத்தில் கண்டதை அவளும் சொல்லப் போவதில்லை. அது நேர்மையில்லை என்று அவளுக்குத் தெரியும். தெரிந்துகொண்டே சும்மா இருந்தாள்.

“அவனை எடுங்கோ” என்றார் லியோன்.

சில்வெஸ்ரர் திரும்பினார். “நீர் என்னத்தைக் கண்டனீர்? அவன் ஒண்டும் செய்யேல்லையே.”

“ஓம். அவனுக்கு ஒண்டும் செய்ய வேண்டி வரேல்லை.”

அதற்குமேல் அவர் விளக்கவில்லை. சில்வெஸ்ரருக்கு விளங்கியதோ இல்லையோ, பின்களத்தைப் பற்றி லியோன் சொன்னால் மறுத்துப் பேச அந்த வாடியில் ஆள் இல்லை. சரி, என்னவென்றாலும் டெனிஸ்ரனைக் கொடுக்க ஏலாது என்று சில்வெஸ்ரர் இழுத்தார். பேசாமல் அடுத்த வருடம்வரை பார்த்திருப்போம் என்றார்.

“டெனிஸ்ரனை ஆர் குடுக்கச் சொன்னது? நடராசா என்னையும் எல்லே கேட்டவர்.”

ஜெகதீஸ் மெதுவாக, “அது பகிடிக்குச் சொன்னதண்ணை” என்றான்.

“பகிடியோ இல்லையோ எண்டு எடுத்துக் கேளுங்கோவன்.”

சில்வெஸ்ரர் ஃபோனை எடுத்தார். எல்லாருக்கும் கேட்கட்டும் என்று சத்தத்தையும் கூட்டினார். விஷயத்தைச் சொன்னதும் மறுமுனையில் நடராசா திருப்பிக் கேட்டார்.

“அண்ணை வருவாரோ? உண்மையாவோ?” பிறகு சொன்னார்: “எங்கட பெடியள் அவரைத் தாண்டிக் கோல் போட்டது எப்ப எண்டு எனக்கு ஞாபகமே இல்லை. அவரை அனுப்புங்கோ. சயந்தனைக் கூட்டிக்கொண்டு போங்கோ.”

இத்தனை வருடத்தில் விழாத கோலைப் பற்றி ஒரு மனிதர் பேசி ஜெனீற்றா கேட்டது அதுதான் முதல்தடவை. அதையும் எதிர்க் கழகத்தான்தான் சொல்ல வேண்டியிருந்தது. லியோன் கேட்டாரா என்று பார்த்தாள். அவர் வாசலில் குனிந்து மற்றச் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார்.

சில்வெஸ்ரர் அன்று பின்னேரம் வீட்டுக்கு வந்தார். போகத் தேவையில்லை, கௌரவமாக நிற்பாட்டிக்கொள்ளலாம், மாலை போட்டு, பாண்ட் வாத்தியம் பிடித்து ஒரு கடைசி ஆட்டம் வைப்போம் என்றார். அவர் சொன்னது பொய்யில்லை. நெடுந்தீவிலிருந்து வந்த மாப்பிள்ளைக்கு இந்த ஊர் அவ்வளவு செய்ய நினைத்தது ஜெனீற்றாவுக்கே ஆச்சரியம். லியோன் அவருக்கு இரண்டு பாரை மீனைப் பையில் போட்டுக் கொடுத்து, தன்னைக் கழகத்திலிருந்து விடுவிக்கும் கடிதத்தை நாளைக்கே அனுப்பச் சொன்னார்.

கடிதத்தை ஜெனீற்றாதான் எழுதினாள். இன்னாரை விடுவிக்கிறோம் என்று எழுதும்போது, தகப்பன் பார்த்துத் தெரிந்தெடுத்த முழங்கால்கள் நினைவுக்கு வந்தன. எழுதி முடித்துவிட்டு, குசினிக்குள் வந்தவரிடம் கேட்டாள்.

“இஞ்சேருங்கோ. இருக்கிறதெண்டால் வாயைத் திறக்காமல் இருந்திருக்கலாம். விடுறதெண்டால் மாலையோட விட்டிருக்கலாம். ஏன் அங்கை போறியள்?”

லியோன் கடிதத்தை வாங்கி ஒருமுறை வாசித்தார். தன் பெயரில் அவள் விட்டிருந்த எழுத்துப் பிழையைத் திருத்தச் சொல்லுவார்போல இருந்தது, சொல்லவில்லை. ஒப்பமிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

“வங்களாவடிக்குப் பின்னேர பஸ் எத்தினை மணிக்கு?”

சனிக்கிழமை அவர் விளையாட்டுச் சப்பாத்தை மீன் கொண்டுபோகும் பையில் போட்டுக்கொண்டு புறப்பட்டார். நங்கூரத்தின் மைதானத்தில் பயிற்சி நடந்துகொண்டிருந்தது. அவர் நின்ற இடத்தில் சயந்தன் நின்றான். லியோன் அந்தப் பக்கம் பார்த்தாரா இல்லையா என்பது படலையில் நின்ற ஜெனீற்றாவுக்குத் தெரியவில்லை. நடை மாறவில்லை. பஸ் வந்ததும் ஏறி, இறுப்பிட்டிக்குப் போனார்.