மீன் வயிற்றில் கை விட்டவள்

ராயபுரத்துக்கு நாங்கள் பிழைக்க வந்தபோது சுதந்திரம் வந்து இரண்டு வருஷம்கூட ஆகியிருக்காது. திருநெல்வேலிப் பக்கத்துச் சைவர்கள். முட்டையைக்கூடக் கையால் தொட்டதில்லை. ஊரில் வேறு இடமே இல்லாததுபோல என் வீட்டுக்காரர் மளிகைக் கடை பிடித்தது கடற்கரைக்குப் போகிற தெருவில். கதவைத் திறந்தால் மீன் வாடை. சோற்றில், காயப்போட்ட புடவையில், சாமி படத்துக்கு வைத்த முல்லையில்கூட அதே சனியன். கடவுள் எனக்கு மூக்கைக் கொடுத்ததே வதைக்கத்தான் என்று நினைப்பேன்.

ஒன்பது வயது மகளைப் பள்ளிக்கூடம் விட்டும் ஒருநாள் காணவில்லை. தேடிப் போனேன். தெருமுனையில் மீன்காரம்மாவின் கூடைக்கு முன்னால், பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு குந்தியிருந்தாள். வலது கை மணிக்கட்டு வரை ஒரு கொடுவா மீனின் வயிற்றுக்குள் போயிருந்தது.

"இன்னாம்மா, உன் பொண்ணா இது? பித்தப்பை ஒடையாம இஸ்து வெளிய எட்த்துட்ச்சி. என் பொண்ணுங்களுக்கே இது வராது" என்றாள் மீன்காரம்மா. பெற்றவள் நானா அவளா என்று தெரியாத அளவுக்கு அவள் முகத்தில் பெருமை.

"அம்மா, இங்க பாரேன்! உள்ள காத்துப் பை ஒண்ணு இருக்கு. அத வச்சுத்தான் மெதக்குதாம்" என்று மகள் வழவழவென்று எதையோ என் மூக்குக்கு நேரே நீட்டினாள். நான் சாக்கடையோரம் குனிந்து, மத்தியானம் தின்றதையெல்லாம் வாந்தி எடுத்தேன்.

வீட்டுக்கு இழுத்து வந்து புளியும் சாம்பலும் போட்டு அவள் கையைத் தோல் உரியத் தேய்த்தேன். முதுகில் நாலு சாத்தினேன். அழுதாள், மறுநாளும் போனாள். அவள் பையில் ஒரு நோட்டு இருந்தது. பக்கத்துக்குப் பக்கம் மீனின் உள்ளுறுப்புகள், பென்சிலில். செவுள் எத்தனை அடுக்கு, குடல் எத்தனை மடிப்பு என்று எண்ணி எழுதியிருந்தாள். பெற்றவளாக இருந்தால் பக்கத்தில் உட்காரவைத்து, இது என்னட்டி, அது என்னட்டி என்று கேட்டிருக்க வேண்டும். நான் அந்த நோட்டை இரண்டு விரலால் பிடித்து மூடிவிட்டுப் போய்க் கையைக் கழுவினேன். வெறும் பென்சில் கோடு! அதற்கும் கழுவினேன்.

அடி பலிக்காது என்று தெரிந்ததும் வேறு வழி கண்டுபிடித்தேன். தட்டில் சோறு போடுவதற்கு முன்னால், "ஏட்டி, கைய மோந்து பாரு. இந்தக் கையாலயா திங்கப் போற?" என்பேன். பிறகு அவள் எதிரிலேயே முகத்தைத் திருப்பிக்கொண்டு ஓங்கரிப்பேன். முதல் நாள் நிஜமாகவே குமட்டியது. அப்புறம் பாதி நடிப்பு, கடைசியில் முழு நடிப்பு. மடியில் தலை வைக்க வந்தால் தள்ளிவிடுவேன். "நாறலியேம்மா, சோப்புப் போட்டேனே" என்று கையை நீட்டிக்கொண்டு நிற்பாள். அப்போதும் ஓங்கரிப்பேன். என்ன ஜென்மமோ நான்!

ஆறு மாதத்தில் தெருமுனைப் பக்கம் போவதை விட்டாள். திருந்திவிட்டாள் என்று வீட்டுக்காரரிடம் பீற்றிக்கொண்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் மீன்காரம்மா எங்கள் வாசலுக்கே வந்து கூடையை இறக்கினாள். "பாப்பாவ காணவே காணோமே? வலைல சுறா ஒண்ணு மாட்டிச்சு. வயித்துல குட்டி கீது. விக்காம எட்த்தாந்தேன். கூப்புடும்மா, அறுத்துக் காட்டுறேன், பாத்துக்கட்டும்."

மீனுக்கு வயிற்றில் குட்டியா என்று எனக்கே ஆச்சரியமாகிவிட்டது. வாயில் எச்சில் ஊறிக் குமட்டியது; ஆனாலும் கால் நகரவில்லை. சரி, ஒருநாள்தானே என்று மகளைக் கூப்பிட்டேன்.

வந்தாள். சுறாவை ஒரு கணம் பார்த்தாள். சட்டென்று மூக்கைப் பொத்திக்கொண்டு, கழுத்தை ஒரு பக்கமாக ஒடித்து ஓங்கரித்தாள். சத்தம் என்னுடையது, கழுத்தை ஒடித்த விதமும் என்னுடையது. "சீ, கலீஜு! கிட்ட வராத, நாறுது" என்றாள். மீனைப் பார்த்துச் சொல்லவில்லை.

"நானா கண்ணு?" என்றாள் மீன்காரம்மா.

மகள் மூக்கிலிருந்து கையை எடுக்காமல் என் பக்கம் ஒதுங்கினாள். மீன்காரம்மா சுறாவின் மேல் ஈரச் சாக்கை இழுத்து மூடினாள், கூடையைத் தானே முக்கித் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு போனாள். எந்த மீன் நாற்றமும் என்னை அப்படிக் குமட்ட வைத்ததில்லை. இந்த முறை குமட்டியது என்னை நினைத்து.

மகள் உள்ளே ஓடிப்போய் ஒரு சொம்புத் தண்ணீர் கொண்டுவந்து, கூடை இருந்த இடத்தைக் கழுவிவிட்டாள். நான் சொல்லவே இல்லை. கழுவிவிட்டு, கெட்டிக்காரி என்று சொல்வேன் என்று என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.