கடிகாரம் படிக்காத திரை

திருடாத ஒருவரைத் திருடன் என்று வேலையிலிருந்து நீக்கியவன் நான். அப்போது திருத்தணியில் ஒரு தனியார் அலுவலக மேலாளர். கணக்கர் கோதண்டம் தன் கைக்கடிகாரத்தைக் கணினித் திரைக்கு நேரே பிடித்திருந்தார். திரையில் வெள்ளைக் கோடுகள் துடித்தன. அலுவலகத் தகவலைத் திருடுவதாக எல்லார் முன்னும் கத்தினேன்.

“சொந்தக்காரங்க போன் நம்பருதான் சார். திரை வெளிச்சத்த வாட்ச் படிச்சி, நம்பர சேத்து வச்சிக்கும்.”

“என் கம்ப்யூட்டர்ல செஞ்சு காட்டுய்யா!”

என் அறையின் புதிய தட்டைத் திரையிலிருந்து கடிகாரம் எதையும் வாங்கவில்லை. அன்றே அவரை வேலையை விட்டு அனுப்பிவிட்டேன்.

கோதண்டத்தின் மேசையில் இருந்தது போன்ற, பின்பக்கம் பருத்த பழைய திரைகளில்தான் அந்தக் கடிகாரம் படிக்கும் என்று பிறகு படித்தேன். என் மேலேயே வந்த ஆத்திரம் இன்றும் அடங்கவில்லை. நிர்வாகத்திடம் தவறை ஒப்புக்கொண்டு, மறுநியமன உத்தரவோடு அம்மையார்குப்பத்தில் அவர் வீட்டுக்குப் போனேன்.

“ஆபீஸே பாக்க திருடன்னீங்க. இத மட்டும் ஏன் சார் யாருக்கும் தெரியாம எடுத்துகினு வர்றீங்க?”

மறுநாள் ஊழியர்கள் அனைவரையும் கூட்டி, நடந்ததைச் சொன்னேன். கோதண்டம் வேலைக்குத் திரும்பவே இல்லை.