பேதுருவும் பவுலும் வாயைப் பிளந்த நாள்

எடெல்மிராவின் பூட்ஸுக்கு ஒன்பது வயதாகியும் ஞானஸ்நானம் ஆகவில்லை. அதனால் அது ஒரு நாள்கூட நடக்கவில்லை.

மலைக் கிராமமான கஷாபம்பாவில் எந்தப் புதுப் பொருளுக்கும் ஒரு ஞானத்தகப்பன் வேண்டும். கூரைக்கு ஒருவர், தையல் மெஷினுக்கு ஒருவர். அவர் வந்து பீர் தெளித்து, ஊருக்குக் கினிப்பன்றி பொரித்துப் போட்ட பிறகுதான் பொருள் புழக்கத்துக்கு வரும். மலையேற வந்த சுவிட்சர்லாந்துக்காரி ஒருத்தி, ஊர் திரும்பும்போது தான் காலே நுழைக்காத புது பூட்ஸை எடெல்மிராவுக்குக் கொடுத்துவிட்டுப் போனாள். உடனே லாரிக்காரர் தெயோபிலோ நெஞ்சைத் தட்டிக்கொண்டு, "இதுக்கு நான்தான் ஞானத்தகப்பன்" என்றார். சொன்னதோடு சரி. ஒரு வருஷம் உருளைக்கிழங்கு விலை விழுந்தது. மறு வருஷம் கியர்பாக்ஸ் போனது. அடுத்த வருஷம் மாமியார் போனார். வேறு ஆளைக் கேட்டாலோ மனிதருக்கு மானம் போய்விடும். ஆக, பூட்ஸ் பெட்டியிலேயே கிடந்தது. ஞாயிறுதோறும் எடுத்துத் துடைப்பாள், மோந்து பார்ப்பாள், திரும்ப வைத்துப் பூட்டுவாள். மலைக்கு டயர் செருப்புதான்.

அவளுக்கு முப்பத்தெட்டு வயது. இருபது வருஷமாக வெளிநாட்டுக்காரர்களின் கூடாரத்தையும் சட்டி பானையையும் கழுதை மேல் ஏற்றிக் கணவாய் தாண்டுகிறவள். எந்தக் கல் ஆடும், எந்த மேகம் ஆலங்கட்டியைக் கொட்டும் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. வாராஸ் நகரத்திலிருந்து வரும் வழிகாட்டிகள் அவளிடம் காதோடு காதாக வழி கேட்டுக்கொண்டு, வெள்ளைக்காரர்களிடம் தாங்களே கண்டுபிடித்த மாதிரி கை நீட்டிக் காட்டுவார்கள். பார்க்கப் பார்க்க அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். கடைசியில் ஒரு நாள் வழிகாட்டி உரிமத்துக்குத் தானே மனுப் போட்டுவிட்டாள்.

தேர்வு எளிது. அதிகாரிகளைக் கணவாய் தாண்டிப் பத்திரமாகக் கூட்டிப்போக வேண்டும். ஆனால் காலில் பூட்ஸ் இருக்க வேண்டும். செருப்போடு வந்தால் அந்த இடத்திலேயே தோல்வி, மறுதேர்வுக்கு நாலு வருஷம் காத்திருக்க வேண்டும்.

தெயோபிலோவுக்குச் சொல்லி அனுப்பினாள்: "வியாழக்கிழமை பரீட்சை. காலைல வந்து சேருங்க அண்ணே. இல்லேன்னா கால்நடை டாக்டரை ஞானத்தகப்பனா வச்சுக்குவேன்."

கால்நடை டாக்டரா! மனிதர் விடியுமுன்னே இரண்டு பெட்டி பீரோடும் ஒரு மேளக்காரரோடும் வந்து நின்றார். இடது பூட்ஸுக்குப் பேதுரு, வலதுக்குப் பவுல் என்று பெயர் வைத்து, பீரைக் கவிழ்த்து, தானும் குடித்து, அழுதும் தீர்த்தார். தேர்வு அதிகாரி இன்ஜினியர் வலென்சுவேலா கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இரண்டு கிளாஸ் குடித்தார். இரண்டு குமாஸ்தாக்களும் குறை வைக்கவில்லை.

"பிள்ளைங்க முத முதலா நடக்குதுங்க, நான் வராம எப்படி?" என்று தெயோபிலோவும் கூடவே கிளம்பினார்.

எடெல்மிரா முன்னால் போனாள். நடந்தாள் என்பதைவிட மிதந்தாள் என்பதே சரி. மெத்தை மேல் நடப்பதுபோல இருந்தது. சிரிப்பு அவள் பேச்சைக் கேட்காமல் தானாக வந்தது. "மந்திரி" என்று பெயருள்ள அவள் கழுதைகூடத் துள்ளியது.

கணவாயின் உச்சியில் பேதுரு வாயைப் பிளந்தது.

முதலில் குதிகால். அடுத்த எட்டில் அடிப்பாகம் மொத்தமும் கழன்று, பாதையில் தனியாக உட்கார்ந்துகொண்டது. என்ன ஏது என்று குனிவதற்குள் பவுலும் அண்ணன் வழியே போனது. கையில் எடுத்தால் பழைய கேக் போலப் பொலபொலவென்று உதிர்கிறது.

"போடாத பூட்ஸும்மா இது," என்றார் இன்ஜினியர். "தினம் நடந்திருந்தா வருஷக்கணக்கா உழைச்சிருக்கும். சும்மா வச்சிருந்தா உள்ளுக்குள்ளயே செத்துடும்."

எடெல்மிராவுக்கு அழுகை முட்டியது. தேர்வைவிட அந்த ஒன்பது வருஷம்தான் வலித்தது. எத்தனை ஞாயிறு துடைத்திருப்பாள், பாவி! தோல்வி என்று எழுத இன்ஜினியர் பேனாவைத் திறந்தார்.

"இருங்க சார்!" என்றவள் தெயோபிலோ பக்கம் திரும்பினாள். "அண்ணே, பிள்ளைக்கு ஒண்ணு இல்லேன்னா குடுக்க வேண்டியது யாரு?"

"ஞானத்தகப்பன்தான்," என்றார் அவர் பெருமையாக.

"அப்போ கால்ல இருக்கிற டயர் செருப்பைக் கழட்டுங்க."

"என்னாது?"

"ஒன்பது வருஷம் இழுத்தடிச்சீங்கல்ல? கழட்டுங்க!"

பனி ஒட்டிய பாறையில் வெறுங்காலோடு தெயோபிலோ ஒற்றைக்கால் மாற்றி ஒற்றைக்காலில் குதித்தார். கழுதைக்காரியின் தொப்பியில் கோணி ஊசி இல்லாமல் இருக்குமா? அவள் செருப்பின் வாரை அறுத்து, டயரைக் கத்தியால் அளவாகச் செதுக்கி, மூட்டை கட்டும் நைலான் கயிற்றைப் பிரித்து, பேதுருவின் தோலோடு சேர்த்துக் குத்திக் குத்தித் தைத்தாள். பிறகு பவுலையும் முடித்தாள். அதுவரை அதிகாரிகள் வெற்றிலைபோலக் கோக்கா இலையை மென்றுகொண்டு வாய் பார்த்தார்கள்.

இன்ஜினியர் விதிப் புத்தகத்தைப் புரட்டினார். "கணுக்காலை மூடணும். மூடுது. அடியில பிடிமானமுள்ள ரப்பர்..." விரலால் அழுத்திப் பார்த்தார். "இது எத்தனை நாள் தாங்கும்?"

கழுதை மேல் ஏறி உட்கார்ந்துவிட்ட தெயோபிலோவுக்கு ரோஷம் வந்துவிட்டது. "எத்தனை நாளா? இது என் லாரில உருளைக்கிழங்கு மூட்டையோட எம்பதாயிரம் கிலோமீட்டர் ஓடின டயர் சார். அப்புறம் என் கால்ல நாலு வருஷம். உங்க ஆபீஸ் இடிஞ்சு விழுந்தாலும் இது தேயாது!"

"இறங்கிக் காட்டட்டும்," என்றார் இன்ஜினியர்.

இறக்கம் முழுக்கச் சரளைக்கல். எடெல்மிரா ஓடினாள். டயர் கல்லைக் கவ்விக்கொண்டது. "இங்க மிதிங்க! அங்க வேணாம், அது ஆடும்!" என்று கத்திக்கொண்டே ஓடினாள். சொன்ன இடத்தில் மிதித்த குமாஸ்தாக்கள் நடந்தே வந்தார்கள். மிதிக்காத இன்ஜினியர் உட்கார்ந்தபடியே சறுக்கி வந்து சேர்ந்தார். கால்சட்டையைத் தட்டிவிட்டு, தேர்வுத் தாளில் கையெழுத்துப் போட்டார். தெயோபிலோ கழுதை மேலிருந்து ஊர்வலத்துச் சாமி மாதிரி கையசைத்தார்.

மறு வெள்ளிக்கிழமை தபாலில் உரிம அட்டை வந்தது, அவள் படத்தோடு பளபளவென்று. செய்தி பரவியதும் தெயோபிலோ வாசலில் வந்து நின்றார்.

"அட்டைக்கு ஞானத்தகப்பன் யாருன்னு பேசி முடிவு பண்ணிடலாம். இந்தத் தடவை தள்ளிப்போட மாட்டேன், சத்தியமா!"

கதவைத் திறந்தது எடெல்மிராவின் அக்காள். "அவ இங்க எங்க இருக்கா அண்ணே? தபால்காரர் சைக்கிளைத் திருப்புறதுக்குள்ள அட்டையைச் சட்டைல குத்திக்கிட்டு, மூணு டச்சுக்காரங்களோட மலை ஏறிட்டா."