இதோ அங்கதான் பெலார்மினோ

என் கணவர் பெலார்மினோவை அடக்கம் செய்து மூன்று வாரமாகிறது. துக்கம் கேட்க வருகிறவர்கள் வாசலிலேயே சிரிக்கத் தொடங்கிவிடுகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது.

எங்கள் அலென்தேஜு வட்டாரத்தில் யாரிடம் வழி கேட்டாலும் ‘இதோ அங்கதான்’ என்போம். மோவாயை உயர்த்திச் சொன்னால் அரை மணி நேரம். கையை நீட்டினால் இரண்டு மணி நேரம். ‘இதோஓஓ’ என்று இழுத்தால் சாப்பாடு கட்டிக்கொண்டு கிளம்ப வேண்டும். பெலார்மினோவுக்கு மட்டும் எல்லா ஊரும் உண்மையாகவே பக்கத்தில் இருந்தது. பஸ் ஓட்டி ஓய்வு பெற்றபின் முதுகுப்பையோடு கடலோரப் பாறைக் கரை முழுக்க நடந்தார். சொன்ன நேரத்துக்கு ஒருநாளும் வந்ததில்லை.

எங்களுக்குப் பிள்ளை இல்லை. என் தங்கை மகள் கிராசியெட்டே தன் குழந்தைக்கு அவரை ஞானத்தகப்பனாகக் கேட்டபோது சாப்பாட்டுத் தட்டின்மேலேயே அழுதார். பகல் பன்னிரண்டு மணிக்கு ஓடெசெய்ஷ் கடற்கரைச் சிற்றாலயத்தில் ஞானஸ்நானச் சடங்கு. அதற்குள் வராவிட்டால் குழந்தையின் சித்தப்பா அந்த இடத்தில் நிற்பார் என்று பாதிரியார் கறாராகச் சொல்லியிருந்தார்.

“கார்ல போயிடலாம்,” என்றேன்.

“எதுக்கு மேனா? இதோ அங்கதான். கடலைப் பாத்துக்கிட்டே நடந்துடலாம்.”

பதினெட்டு கிலோமீட்டர். விடியற்காலையில் கோட்டும் கால்சட்டையுமாகக் கிளம்பினார், கூடவே நானும். கணுக்கால் புதையும் மணல். கடலுக்குள் நிற்கும் பாறைகளில் கூடு கட்டியிருந்த ஒவ்வொரு நாரையையும் நின்று நலம் விசாரித்தார்.

“குஞ்சு வளந்துடுச்சு பாரு!”

“நாம போய்ச் சேர்றதுக்குள்ள நம்ம ஞானப்பிள்ளையும் வளந்துடும். நடங்க.”

வழியில் ஒருவர் கயிற்றில் தொங்கியபடி பாறையில் ஒட்டி வாழும் கொட்டலசுகளைச் சாப்பாட்டுக்காகச் சுரண்டிக்கொண்டிருந்தார்.

“அண்ணே, ஓடெசெய்ஷ் எவ்வளவு தூரம்?” என்று கேட்டேன்.

“இதோஓஓ அங்கதான்!” கை இரண்டும் வேலையாக இருந்ததால் காலை நீட்டிக் காட்டினார். காலை நீட்டினால் எவ்வளவு தூரமென்று யாருக்கும் தெரியாது.

பன்னிரண்டுக்குப் பத்து நிமிடம் இருக்கையில் ஆற்று முகத்துவாரத்துக்கு வந்தோம். எதிர்க்கரையில் ஆலயம், வாசலில் பாதிரியார். பாலத்தைச் சுற்றிப் போக ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். பெலார்மினோ கால்சட்டையைக் கழற்றித் தலைப்பாகையாகக் கட்டிக்கொண்டு ஆற்றில் இறங்கினார். பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பின்னால் நானும்.

நடு ஆற்றில் ஓர் அலை வந்து தலைப்பாகையைப் பறித்துக்கொண்டு கடலுக்குத் திரும்பியது. அவர் கால்சட்டையைப் பார்த்தார். கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்த பாதிரியாரைப் பார்த்தார்.

“விடு மேனா, போய்த் தொலையட்டும்!”

கரையோர உணவுக்கடைக்காரர் சிவப்புக் கட்டம் போட்ட மேஜைவிரிப்பு ஒன்றைக் கொடுத்தார். அதை இடுப்பில் சுற்றிக்கொண்டு, மீசையில் நீர் சொட்ட, சரியாகப் பன்னிரண்டு மணிக்குப் போய் நின்றார். பாதிரியார் குழந்தையைப் பார்த்தார், இவரைப் பார்த்தார்.

“இதுல யாருக்கு ஞானஸ்நானம்? இவருக்கு முடிஞ்ச மாதிரி இருக்கே!”

கிராசியெட்டே முகத்தை மூடிக்கொண்டாள். பாதிரியார் தொண்டையைச் செருமிக்கொண்டு சடங்கைத் தொடங்கினார்.

“சாத்தானை விட்டுவிடுகிறீர்களா?”

“விட்டுட்டேன் சாமி. கால்சட்டையையும் விட்டுட்டேன்.”

குழந்தையை இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டார். மேஜைவிரிப்பை நான் பிடித்துக்கொண்டேன்.