தோற்றவன்தான் வாங்குவான்

அத்தா துபாயில் ஒரு எலக்ட்ரானிக்ஸ் கடையில் சேல்ஸ்மேனாக இருந்தார். வீடியோ கேம் அலமாரி அவர் பொறுப்பு. அதில் சரக்கு தேங்கினால் முதலாளியிடம் திட்டு வாங்குவதும் அவர்தான். ஆனால் அவருக்குக் கேம் ஆடத் தெரியாது. அதனால் எந்த சிடி விற்கும் என்று லப்பைக்குடிக்காட்டில் இருந்த எங்களிடம் கேட்பார்.

வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து போன் வரும். அம்மா பேசி முடித்ததும் அண்ணன் வாங்குவான். பெரம்பலூர் பிரவுசிங் சென்டரில் படித்துவிட்டு வந்ததையெல்லாம் ஒப்பிப்பான். துப்பாக்கி நிஜம் மாதிரியே இருக்குமாம், சுவர் இடிவதெல்லாம் அப்படியே தெரியுமாம். அத்தா "சரிப்பா" என்பார். நான் பக்கத்தில் நின்று பல்லைக் கடித்துக்கொண்டிருப்பேன்.

முந்தைய லீவில் அத்தா கொண்டுவந்த கேம் செட்டோடு இரண்டு கன்ட்ரோலர்கள் இருந்தன. ஒருவர் மட்டும் ஆடும் சிடியைப் போட்டால் நான் வேடிக்கை பார்க்க வேண்டியதுதான். திரையை இரண்டாகப் பிரித்து இருவர் மோதும் சிடி என்றால் மேல்பாதி அண்ணனுக்கு, கீழ்ப்பாதி எனக்கு. எங்கள் டிவியே சின்னது. அதில் பாதி என்பது கல்யாணப் பத்திரிகை அளவுக்கு இருக்கும். அந்த இடத்துக்குள் நான் நன்றாகச் சுட்டேன். பெருமைக்குச் சொல்லவில்லை, தெருப் பையன்கள் ஒருவர் பின் ஒருவராக உட்கார்ந்து என்னிடம் தோற்றுவிட்டுப் போனார்கள்.

போனவர்கள் சும்மா இருக்கவில்லை. பொம்பளைப் புள்ளையிடம் தோற்றதை எவன் பொறுப்பான்? வீட்டிலேயே பழகிக்கொண்டு வர வேண்டுமென்று துபாயில் இருந்த அவரவர் அத்தாவிடம் அதே சிடியைக் கேட்டு நச்சரித்தார்கள். அரியலூரிலிருந்து பெருநாளுக்கு வந்த மாமி மகனும் அப்படித்தான் கேட்டு வாங்கினான். அண்ணன் புகழும், ஒருவர் மட்டும் ஆடும் சிடியோ ஒரு வீட்டில் இருந்தால் போதும். ஆடி முடித்ததும் தெரு முழுக்கக் கைமாறும், வேறு யாரும் வாங்க மாட்டார்கள்.

ஒரு வெள்ளிக்கிழமை அண்ணன் கையிலிருந்து ரிசீவரைப் பிடுங்கினேன்.

"டப்பாவுக்குப் பின்னாடி ரெண்டு பேர் ஆடலாம்னு போட்டிருக்கான்னு பாருங்கத்தா. அதுதான் விக்கும். தோத்தவன் வாங்குவான்."

"பாதிப் படத்துல என்னத்த பாக்குறது? காசு குடுக்குறவன் முழுப் படத்துக்குத்தான் குடுப்பான்" என்று அண்ணன் பின்னால் நின்று கத்தினான்.

அத்தா இரண்டையும் கேட்டுக்கொண்டார். சில மாதம் கழித்து விவரம் சொன்னார். தனி ரூம் வைத்திருக்கும் அந்த ஊர்ப் பணக்காரப் பையன்கள் அண்ணன் சொன்னதை வாங்கினார்களாம். லீவில் ஊருக்குக் கிளம்பும் நம் ஆட்கள் டப்பாவைத் திருப்பிப் பார்த்துவிட்டு நான் சொன்னதை வாங்கினார்களாம். யார் சொன்னது சரி என்ற சண்டை எங்கள் வீட்டில் தீரவே இல்லை.

அதற்குள் நான் வயதுக்கு வந்துவிட்டேன். தெருப் பையன்களோடு உட்காரக் கூடாது என்று அம்மா சொல்லிவிட்டார். கூட ஆட அண்ணன் ஒருவன்தான் மிச்சம். பழைய சிடியோ கீறல் விழுந்து பாதியிலேயே நின்றுபோனது. இந்த நேரம் பார்த்து அண்ணன் அத்தாவிடம், அடுத்த லீவுக்கு வரும்போது ஒருவர் மட்டும் ஆடும் சிடி ஒன்றைக் கொண்டுவரச் சொல்லி வைத்தான். அத்தா அதைக் கொண்டுவந்தால் என் ஆட்டம் அத்தோடு முடிந்தது. எனக்கு ஆத்திரமாக வந்தது. ஆனாலும் போனில் கெஞ்ச மனசு இடம் கொடுக்கவில்லை.

அத்தா வந்தார். சூட்கேஸில் சிடி ஒன்றுதான் இருந்தது. வாங்கியதும் டப்பாவின் பின்பக்கத்தைத்தான் திருப்பினேன். இருவர் ஆடலாம் என்று போட்டிருந்தது. அண்ணன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வெளியே போய்விட்டான்.

"அவன் இப்ப வர மாட்டான். நான் யாரோட ஆடுறதுத்தா?"

அத்தா கைலியை மடித்துக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். இரண்டாவது கன்ட்ரோலரை எடுத்துத் தலைகீழாகப் பிடித்தார். நான் திருப்பிக் கொடுத்தேன்.

"ரெண்டு பேர் ஆடலாம், ரெண்டு பேர் ஆடலாம்னு சொல்லிச் சொல்லி வித்தேன். கூட ஒக்காந்து ஆட அங்க எனக்கு யாரு இருக்கா" என்றார்.

மேல்பாதி அவருக்கு. ஆட்டம் தொடங்கியதுமே செத்தார். மறுபடியும் செத்தார். அவருடைய ஆள் சுவரைப் பார்த்தபடி நின்றுகொண்டே இருந்தான். என்னதான் செய்கிறார் என்று திரும்பினேன். அவர் கண் கீழே என் பாதியில் இருந்தது. என் ஆள் ஓடுகிற பக்கமெல்லாம் அதுவும் ஓடியது.

"உங்க பாதியப் பாருங்கத்தா."

"அத எப்ப வேணா பாத்துக்கலாம்மா" என்றார்.

அதற்குள் அவரை இன்னொரு முறை சுட்டிருந்தேன்.