கேக் வாங்காத டோர்கில்ட்

ஓடென்ஸ் நகரில் டோர்கில்ட் வேலை பார்த்த மென்பொருள் அலுவலகத்தில் ஒரு வழக்கம். தப்பு செய்தவர் வெள்ளிக்கிழமை எல்லோருக்கும் கேக் வாங்கி வர வேண்டும். பத்தொன்பது வருடத்தில் டோர்கில்ட் ஒரு தடவைகூட வாங்கியதில்லை. அவர் தப்பே செய்யாதவர் என்று நினைத்துவிடாதீர்கள்; பழியைப் பக்கத்து மேஜைக்குத் தள்ளிவிடுவதில் மன்னன்.

இந்த வசந்தத்தில் அவருடைய புது நிரல் ஆமை வேகத்தில் நகர்ந்தது. திரையில் காட்டும் பாதி, தகவல் எடுத்துத் தரும் பாதி, இரண்டுமே அவருடைய கம்ப்யூட்டரில்தான் இருந்தன. மனிதர், கம்ப்யூட்டரிலிருந்து தகவல் வெளியே போகும் வாசலான நெட்வொர்க் கார்டை நாள் முழுக்கக் கண்காணித்தார். அவருடைய நிரல் அனுப்பிய தகவல் பாக்கெட் ஒன்றுகூட அங்கே தென்படவில்லை. உடனே, "நெட்வொர்க் எல்லாத்தையும் முழுங்குது" என்று ஆபீஸ் முழுக்க மெயில் தட்டிவிட்டார்.

நெட்வொர்க்கைப் பார்த்துக்கொண்டவள் குன்வோர். சேர்ந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. அவளை நிரந்தரமாக்குவதா, அனுப்பிவிடுவதா என்று மேலாளர் எப்பே அந்த வெள்ளிக்கிழமை சொல்ல வேண்டும்.

அவள் நேரே அவர் மேஜைக்கு வந்தாள். "ரெண்டு பாதியும் உன் மெஷின்லயே இருக்கு டோர்கில்ட். அதுங்க பேசிக்கிறதுக்கு ஏன் வெளிய வரணும்? லூப்பேக்ல பாரு. மெஷின் தனக்குத்தானே பேசிக்கிறதெல்லாம் அங்கதான் ஓடும்."

"நீ பொறக்குறதுக்கு முன்னாடியே கேபிள் இழுத்தவன் நான். எனக்கே சொல்லித் தர்றியா?"

வியாழக்கிழமை மதியம், எல்லோரும் சாப்பிடப் போனதும், திருட்டுத்தனமாக லூப்பேக்கைத் திறந்தார். திரை நிரம்பி வழிந்தது. ஒரே கேள்வியை நிமிடத்துக்கு நாலாயிரம் தடவை அவருடைய நிரல் தன்னிடமே கேட்டுக்கொண்டிருந்தது. பதில் வந்த பிறகும் விடுவதாக இல்லை. ஒரு வரியைத் திருத்தினால் தீரும். வெட்கம் என்று ஒன்று இருந்தால் அப்போதே போய்ச் சொல்லியிருப்பார். நினைத்தாலே பற்றிக்கொண்டு வருகிறது. அவரோ எல்லாவற்றையும் மூடிவிட்டு, கம்பு ரொட்டியும் ஊறுகாய் மீனும் தின்னப் போனார்.

டோர்கில்டின் மெயிலை நம்பி எப்பே சொன்னபடி, வெள்ளிக்கிழமை குன்வோர் கேக் கொண்டு வந்தாள். மேலே வெண்ணெயும் சர்க்கரையும் உருகி வழியும் புரூன்ஸ்விகர்.

"அவ சொன்ன எடத்துல பாத்தியாப்பா?" என்று எப்பே கேட்டார்.

"பாத்தேன். ஒண்ணுமே இல்ல."

எப்பே பெருமூச்சு விட்டார். "அப்போ மன்னிச்சுக்கோ குன்வோர். இதோட முடிச்சுக்குவோம்."

குன்வோர் கத்தியை எடுத்தாள். சர்க்கரை அதிகம் தேங்கியிருந்த பெரிய துண்டை வெட்டி டோர்கில்டின் தட்டில் வைத்தாள்.

"சாப்பிடு. இது நீ வாங்கியிருக்க வேண்டிய கேக்."

யாரும் சிரிக்கவில்லை. டோர்கில்ட் தின்றார்.