அணைத்த பிறகும் பச்சை

என் அண்ணிக்குப் பேய் பிசாசில் நம்பிக்கை கிடையாது. எதைச் சொன்னாலும் கணக்குப் போட்டுக் காட்டு என்பார். அப்படிப்பட்டவர், அண்ணன் இறந்த பிறகு ஆய்வுக்கூடத்தின் உறைபெட்டி அறைக்குள் தனியாகப் போக மாட்டேன் என்று அடம்பிடித்தார். அந்தப் பெட்டிக்குள் அண்ணன் தன் கையால் மூடி வைத்த கடைசிக் குப்பி இருந்தது.

இருவருக்கும் ஒரே ஆய்வுக்கூடம். அண்ணன் பாக்டீரியாவை வளர்ப்பவர். அது எப்படி நடந்துகொள்ளும் என்று கணினியில் சமன்பாடு எழுதி முன்கூட்டியே சொல்பவர் அண்ணி. இருவரும் சேர்ந்து கட்டியது ஒரு மரபணு சுவிட்ச். அதில் இரண்டு மரபணுக்கள். ஒன்று விழித்திருந்தால் மற்றதைத் தலைதூக்க விடாது. ஒன்று ஜெயித்தால் செல் பச்சையாக ஒளிரும், மற்றது ஜெயித்தால் வெளிறிக் கிடக்கும். ஒரு சொட்டு மருந்து விட்டால் பச்சைக்குச் சாயும், சூட்டில் வைத்தால் திரும்பும். மருந்தைக் கழுவிவிட்ட பிறகும் பச்சை பச்சையாகவே இருக்கும் என்பதுதான் விசேஷம். அந்தச் சொட்டைக் கண்ணால் பார்த்திராத பேரன் பேத்தி செல்கள்கூட அதை மறப்பதில்லை.

குப்பியில் இருந்தவற்றுக்கு அந்தச் சொட்டை விட்டவர் அண்ணன். சில நாளில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போய்ச் சேர்ந்துவிட்டார். ஆள் இல்லை, ஆனால் உருக்கி எழுப்பினால் அவை இன்னும் அவர் சொன்னதைத்தான் செய்யும். நினைத்தாலே எனக்கு உடம்பு சிலிர்க்கும்.

வீட்டில் அவர் பேச்சே கிடையாது. மகள் அழுவாளே என்று அண்ணி வாய் திறக்க மாட்டார். அம்மா அழுவாளே என்று மகள் வாய் திறக்க மாட்டாள். நான் மூக்குக்கண்ணாடிக் கடையில் நாள் முழுக்க அடுத்தவர் பார்வையை அளந்துவிட்டு வந்து, பூட்டிய இந்த இரண்டு வாய்களுக்கும் நடுவில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். என்ன பிழைப்போ. அண்ணனின் நாற்காலி சுவரைப் பார்த்தபடி அதே இடத்தில் கிடந்தது. யாரும் உட்காரவில்லை, நகர்த்தவும் இல்லை. பெருக்கும்போதுகூட அதைச் சுற்றித்தான் பெருக்குவோம்.

ஆய்வுக்கூடத் தலைவர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தார். சுவிட்சை அணைக்கவும் முடியும் என்று காட்டினால்தான் வேலை முடிந்ததாகும், இல்லாவிட்டால் மூட்டை கட்ட வேண்டியதுதான் என்று சொல்லிவிட்டார்.

"கொஞ்சத்தைத் தனியா எடுத்து வெச்சுட்டு மீதியை அணைங்களேன் அண்ணி," என்றேன்.

"எடுத்து வெக்கலாம். ஆனா அவர் சொன்னதை அது மறக்கறதை நான் கண்ணால பார்க்கணுமே," என்றார் அண்ணி.

உறைபெட்டி அறைக்கு நானும் கூடப் போனேன். குப்பியில் இருந்ததை அண்ணி உருக்கித் தட்டில் வளர்த்தார். மறுநாள் இருட்டறையில் நீல விளக்கைப் போட்டதும் தட்டு முழுக்கப் பச்சைப் புள்ளிகள். அண்ணன் எங்களை உற்றுப் பார்ப்பதுபோல் இருந்தது. அண்ணி கொஞ்சம் எடுத்துச் சூட்டுப் பெட்டியில் வைத்தார். சூட்டிலிருந்து வந்தவற்றைப் புதுத் தட்டில் பரப்பி வளர்த்தார். இனி ஒன்றுகூடத் திரும்பாது என்றது அவருடைய கணக்கு.

பிறகு ஒரு நாள் கடைக்குப் போன் வந்தது.

"ஒண்ணு பச்சையா இருக்கு," என்றார் அண்ணி.

"எதுல?"

"அணைச்சதுல. அத்தனை வெளுத்ததுக்கும் நடுவுல ஒண்ணே ஒண்ணு. மருந்து பக்கத்துலயே வரலை. எல்லாத்தையும் பார்த்துட்டேன்." அது அண்ணியின் குரல் மாதிரியே இல்லை. "அவர் போகலைடி."

கண் பரிசோதிக்க வந்தவரை அப்படியே உட்காரவைத்துவிட்டு ஓடினேன்.

நான் போனபோது அண்ணி கணினியின் முன் சிலையாக உட்கார்ந்திருந்தார். திரையில் அவருடைய சமன்பாடு. அதில் ஒரு இடத்தில் பூஜ்யம்.

அந்தப் பூஜ்யம் எனக்கு நன்றாகத் தெரியும். எத்தனை நாள் சாப்பாட்டு நேரத்துச் சண்டை அது. மூடிய மரபணுவும் துளியளவு கசியும், எப்போதாவது அந்தத் துளியே ஆட்டத்தை மாற்றிவிடும், கசிவுக்கு ஒரு எண் போடு என்பார் அண்ணன். அதைப் போட்டால் வரைபடம் அசிங்கமாக இருக்கிறது என்பார் அண்ணி. கடைசிவரை போடவில்லை.

"பேய் இல்லைடி. கசிவு," என்றார். "மனுஷன் ஜெயிச்சுட்டார்." சிரித்தார். சிரித்துக்கொண்டே இருந்தவர் தேம்பித் தேம்பி அழுதார். நானும் அழுதேன். பிறகு பூஜ்யத்தை அழித்துவிட்டு எண்ணைப் போட்டார். சுவிட்ச் ஒழுகுகிறது என்று தலைவரிடம் போய் உள்ளதை உள்ளபடி சொன்னார். அவர் முகம் சுருங்கியது, ஆனால் அதை அடைக்க அவகாசம் தந்தார்.

அன்று சாப்பிடும்போது அண்ணி தட்டிலிருந்து தலையைத் தூக்காமல் மகளிடம் சொன்னார்:

"உங்கப்பா இன்னிக்கு என்னை ஜெயிச்சுட்டார்."

மகள் அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எதுல?"

"கசிவுல."

"அதுவா. அப்பா என்கிட்ட சொல்லியிருக்கார்மா."

"என்னன்னு?"

"'உங்கம்மா நான் சொன்னா கேக்க மாட்டா, ஒரு நாள் அவளே கண்டுபிடிப்பா. அன்னிக்கு நேர் எதிர்ல உட்கார்ந்து அவ மூஞ்சியைப் பார்க்கணும்'னு."

அண்ணி கண்ணைத் துடைத்துக்கொள்ளவில்லை. எழுந்து போய், சுவரைப் பார்த்துக் கிடந்த நாற்காலியை இழுத்து வந்து, தன் தட்டுக்கு நேர் எதிரே போட்டுவிட்டுத் தன் இடத்தில் உட்கார்ந்தார்.